குமாரன் ஆசான்: ஒரு கவிஞர் ஏறிய கடைசிப் படகு

தென்காசியில் கொல்லம் ரயில் ஏறினால் செங்கோட்டை, ஆரியங்காவு, பதிமூணு கண் பாலம், தென்மலை, புனலூர்னு மலையைத் தாண்டி, சில மணி நேரத்தில் அஷ்டமுடி ஏரிக் கரையில் இருக்கிற கொல்லத்தில் இறங்கிடலாம். நம்மில் பல பேர் போயிருப்போம். ஆனா 1924-ல் கொல்லத்தில் இறங்கி அதுக்கு மேல வடக்கே ஆலப்புழை போகணும்னா ரயில் கிடையாது. படகுதான். இன்னைக்கு நாம பஸ் ஸ்டாண்டில் ஓடிப்போய் இடம் பிடிக்கிற மாதிரி, அன்னைக்குப் படகுத்துறையில் இடம் பிடிச்சாங்க.

அப்படி ஒரு ராத்திரிப் படகில், 1924 ஜனவரியில், மலையாளத்தின் பெரிய கவிஞர் ஒருத்தர் ஏறினார். பெயர் குமாரன் ஆசான். வயசு 50. விடியறதுக்குள்ள அந்தப் படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தது. அவர் கரை ஏறவே இல்லை.

நமக்கு பாரதியைத் தெரியும். பாரதி 1918-ல் இருந்து 1920 வரை நம்ம கடையத்தில் இருந்தார். அதே நேரம், மலைக்கு அந்தப் பக்கம் ஆசான் எழுதிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மலைத்தொடர்தான். சொல்லப்போனா அப்போ செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம்ம பக்கம் வந்தது. ஆக, ஆசானும் நம்ம செங்கோட்டைக்காரங்களும் ஒரே ராஜாவோட பிரஜைகள். ஆனாலும் அவர் கதை நமக்கு அதிகம் தெரியாது. அவர் வாழ்ந்த விதத்துக்காகவும், செத்த விதத்துக்காகவும் அதைத் தெரிஞ்சுக்கணும்.

காயிக்கரைப் பையன்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, அஞ்சுதெங்கு பக்கத்தில், கடலுக்கும் காயலுக்கும் இடையில் ஒரு சின்ன ஊர் காயிக்கரை. 1873 ஏப்ரல் 12-ல் குமாரன் அங்கே பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா நாராயணன் ஒரு வியாபாரி, மலையாளமும் தமிழும் தெரிந்தவர். அம்மா புராணக் கதைகளில் ஊறியவர். வீட்டில் பணம் அதிகம் இல்லை, ஆனா பாட்டும் கதையும் இருந்தது.

குடும்பம் ஈழவர் சமுதாயம். அந்தக் காலத் திருவிதாங்கூரில் அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு நாம கற்பனை பண்றது கஷ்டம். கோவிலுக்குள்ள போகக் கூடாது, கோவிலைச் சுற்றி இருக்கிற பொது ரோட்டில் நடக்கக் கூடாது, நிறைய பள்ளிக்கூடங்களில் சேர முடியாது, படிச்சாலும் சர்க்கார் உத்தியோகம் கிடைக்காது. டாக்டர் பல்புன்னு ஒருத்தர் மருத்துவம் படிச்சு முடிச்சும், ஜாதியைக் காரணமா வச்சு சொந்த சமஸ்தானத்தில் வேலை கொடுக்கலை. அவர் மைசூர் சமஸ்தானத்துக்குப் போய் வேலை பார்த்தார். இந்த பல்பு பின்னாடி மறுபடி வருவார்.

குமாரன் படிப்பில் கெட்டி. கணக்கும் சமஸ்கிருதமும் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. படிச்ச பள்ளிக்கூடத்திலேயே கொஞ்ச நாள் வாத்தியாரா இருந்தார், ஆனா வயசு பத்தலைன்னு அந்த வேலை போய்விட்டது. அப்புறம் ஒரு கடையில் கணக்கு எழுதினார். கணக்கு எழுதிக்கொண்டே கவிதையும் எழுதினார். அந்த வயசுக்கே உரிய காதல் கவிதைகள்தான்.

குரு கிடைத்தார்

1890-களின் தொடக்கத்தில் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட சந்திப்பு நடந்தது. ஸ்ரீ நாராயண குரு 1888-லேயே அருவிப்புறத்தில், நெய்யாற்றங்கரையில், தானே ஒரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்து பெரிய அதிர்ச்சி கொடுத்திருந்தார். பிரதிஷ்டை செய்ய அவருக்கு உரிமை இல்லைன்னு சொன்ன ஊரில் அவர் அதைச் செய்து காட்டினார். குருவுக்குத் தமிழ் நல்லாத் தெரியும், தமிழில் பதிகங்களே பாடியிருக்கிறார்.

குரு இந்தப் பையனின் கவிதைத் திறமையைப் பார்த்தார். காமச்சுவைப் பாட்டை விட்டுவிடு, உன் சக்தி வேற விஷயத்துக்கானதுன்னு வழிகாட்டினார். குமாரன் ஆசிரமத்தில் தங்கினார். எல்லாரும் சின்னசாமின்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, அதாவது பெரிய சாமிக்கு அடுத்த சாமி.

ஆனா குரு அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார வச்சுக்கொள்ளவில்லை. 1895-ல் பெங்களூருக்குப் படிக்க அனுப்பினார். அங்கே அவரை வீட்டில் தங்க வச்சு, செலவுக்கும் பார்த்துக்கொண்டவர் அதே டாக்டர் பல்பு. அங்கே தர்க்கம் படிச்சார். 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தது. படிப்பு பாதியில் நின்றது. கொஞ்ச நாள் சென்னையில் இருந்துவிட்டு, பிறகு கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்தார். வங்காளத்தில் அப்போ இலக்கியமும் சமூக சீர்திருத்தமும் கொதிச்சுக்கொண்டிருந்த நேரம். சொந்த ஊரில் ரோட்டில் நடக்க முடியாத ஒரு இளைஞன் அந்த நகரத்தில் என்னவெல்லாம் பார்த்திருப்பார்! 1900-ல் திரும்பி வந்தார். பட்டம் எதுவும் கையில் இல்லை. ஆனா போன ஆள் வேற, வந்த ஆள் வேற.

ஆபீஸ் வேலையும் கவிதையும்

1903-ல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பதிவானது. இன்னைக்கும் கேரளத்தில் எஸ்.என்.டி.பி.ன்னு சொல்றாங்களே, அதுதான். முதல் செயலாளர் குமாரன் ஆசான். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, கிட்டத்தட்ட 16 வருஷம் அந்த வேலையைப் பார்த்தார். செயலாளர்னா மேடையில் உட்கார்றது மட்டும் இல்லை. மனு எழுதணும், கணக்கு வைக்கணும், ஊர் ஊராப் போகணும், சண்டைகளைத் தீர்க்கணும். 1904-ல் யோகத்தின் பத்திரிகை விவேகோதயம் தொடங்கியது, அதையும் அவரே நடத்தினார். திருவிதாங்கூர் பிரஜா சபையில் உறுப்பினரானார். அங்கே பள்ளிக்கூட அனுமதியும் வேலை வாய்ப்பும் வேணும்னு பேசினார்.

அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் 1907-ல் வீணபூவு வந்தது. உதிர்ந்த பூன்னு அர்த்தம். மண்ணில் விழுந்து கிடக்கிற ஒரு பூவைப் பார்த்து, அது மொட்டாக இருந்ததில் இருந்து விழுந்தது வரைக்கும் ஒரு வாழ்க்கையாகச் சொல்கிற சின்னக் கவிதை. ராஜா, ராணி, தெய்வம், அலங்காரம்னு இருந்த மலையாளக் கவிதை, ஒரு உதிர்ந்த பூவைப் பார்த்துத் திசை மாறியது. முதலில் மிதவாதின்னு ஒரு பத்திரிகையில் வெளியாகி, அப்புறம் பாஷாபோஷிணியில் மறுபடி வந்தபோது கேரளம் முழுக்கப் பேர் ஆகிவிட்டது.

அப்புறம் 1911-ல் நளினி, 1914-ல் லீலா, 1919-ல் சிந்தாவிஷ்டயாய சீதா. கடைசியாச் சொன்னதில், காட்டில் தனியா உட்கார்ந்திருக்கிற சீதை தன் வாழ்க்கையை நினைச்சுப் பார்க்கிறாள், ராமனைக் கேள்வி கேட்கிறாள். அந்தக் காலத்தில் இதை எழுத எவ்வளவு தைரியம் வேணும்னு யோசிங்க. 1917-ல், 44 வயசில், பானுமதி அம்மாவைக் கல்யாணம் செய்தார். சின்னசாமி சாமியாராகவே இருப்பார்னு நினைச்சவங்களுக்கு அது பிடிக்கலை. அவர் அதைப் பெரிசா எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பையன்கள் பிறந்தாங்க. தோன்னக்கல் என்ற ஊரில் வீடு வாங்கினார்.

1922-ல் சென்னைக்கு வந்த வேல்ஸ் இளவரசர் கையால் பட்டும் வளையலும் பரிசு வாங்கினார். மகாகாவியம் ஒண்ணுகூட எழுதாமலே மகாகவின்னு பேர் வாங்கியவர்னு மலையாளிகள் இன்னைக்கும் பெருமையாச் சொல்வாங்க.

கிணற்றடியில் ஒரு கேள்வி

அதே 1922-ல் வந்த இரண்டு கவிதைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்லணும். ஒண்ணு துரவஸ்தா. மலபார்க் கலவரத்தில் எல்லாத்தையும் இழந்த ஒரு நம்பூதிரிப் பெண், ஒரு புலையர் குடிசையில் அடைக்கலம் வாங்கி, கடைசியில் அவனையே வாழ்க்கைத் துணையா ஏத்துக்கிற கதை. இன்னொண்ணு சண்டாளபிக்ஷுகி. வெயிலில் களைத்து வந்த புத்த பிக்ஷு ஆனந்தர், கிணற்றடியில் தண்ணி இறைக்கிற தாழ்த்தப்பட்ட பெண்ணிடம் குடிக்கத் தண்ணி கேட்கிறார். தான் என்ன ஜாதின்னு அவள் தயங்குகிறாள். அவருக்கு வேண்டியது தண்ணி, ஜாதி இல்லை.

ஆசான் எழுத்து, சபைப் பேச்சு, சங்க வேலை எல்லாத்துக்கும் அடியில் ஒரே ஒரு விஷயம்தான் ஓடுது. ரோடு, கிணறு, பள்ளிக்கூடம், குளம் எல்லாம் பொது. பொதுன்னா எனக்கும் இடம் உண்டு, உனக்கும் உண்டு. என் சௌகரியத்துக்காக உன் உரிமையை எடுக்கக் கூடாது.

இதை அவர் மத்தவங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. 1921-ல் ஆலுவாயில் ஒரு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார், வீட்டுக் கூரைக்குப் போடுற ஓடு. கவிஞருக்கு எதுக்குப்பா தொழிற்சாலைன்னு கேட்கலாம். சங்க வேலையும் கவிதையும் சோறு போடாது இல்லையா? பக்கத்தில் இருந்த அரண்மனைக் குளத்துத் தண்ணி கெட்டுப்போகுதுன்னு பிரச்சினை வந்தபோது, தொழிற்சாலையையே வேற இடத்துக்கு மாற்றினார். நஷ்டம்தான். ஆனா தண்ணி பொது.

இந்தத் தொழிற்சாலையும் சங்க வேலையும் சேர்ந்து அவரை அடிக்கடி பயணம் போக வைத்தது. வீடு திருவனந்தபுரம் பக்கம், தொழில் ஆலுவாயில். நடுவில் கொல்லத்தில் இருந்து எர்ணாகுளம் வரைக்கும் தண்ணி. கோட்டயம் வழியா ரயில் கொல்லத்தைத் தொட்டது 1958-ல்தான். ஆலப்புழைக்கு ரயில் வந்தது 1989-ல். அதுவரை அந்தக் காயலும் ஆறும் கால்வாயும்தான் நெடுஞ்சாலை.

ரெடீமர்

1924 ஜனவரி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் முறைஜபம் முடிந்திருந்தது. 6 வருஷத்துக்கு ஒருமுறை, 56 நாள் நடந்து, மகர சங்கராந்தியில் லட்சதீபத்தோடு முடியும் திருவிழா. எங்கிருந்தெல்லாமோ வந்தவங்க ஒரே நேரத்தில் ஊர் திரும்பினாங்க. தீபாவளி முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம்ம தென்காசி பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்கும்? அதை ஒரு படகுத்துறையில் வச்சுப் பாருங்க.

கொல்லத்தில் இருந்து வடக்கே போகும் ஒரு மோட்டார் படகு. பெயர் ரெடீமர், மீட்பர்னு அர்த்தம். ராத்திரி கிளம்பியது. ஏற்ற வேண்டிய அளவுக்கு மேலேயே ஆள் ஏறியாச்சு. ஆசானும் ஏறினார். படகில் இருந்தவங்க அவரை அடையாளம் கண்டு கவிதை சொல்லச் சொன்னாங்க, அவரும் அப்போது புதிதாக வந்திருந்த கருணாவைச் சொன்னார்னு கேரளத்தில் சொல்வாங்க. கருணா, வாசவதத்தைக்குச் சாவு நெருங்கிய நேரத்தில் உபகுப்தர் வருகிற கதை. அதுக்கப்புறம் அவர் உள்ளே போய்த் தூங்கினாராம்.

ஜனவரி 16, விடியறதுக்கு முன்னாடி இருட்டு. பல்லனையில் ஆறு வளைகிற இடம். படகு சாய்ந்தது, கவிழ்ந்தது. 24 பேர் இறந்தாங்க. அவர்களில் ஒருத்தர் ஆசான்.

நடுக்கடல் இல்லை. புயல் இல்லை. பாறை இல்லை. தினமும் படகு ஓடுற ஒரு ஆறு, கரை கண்ணுக்கு எட்டுற தூரம். திருவிழா முடிஞ்சு வீட்டுக்குப் போற கூட்டம். அவ்வளவுதான்.

இரண்டு மாசம் கழித்து, 1924 மார்ச் 30-ல், வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கோவிலைச் சுற்றின பொது ரோட்டில் எல்லாரும் நடக்கணும் என்ற போராட்டம். ஈரோட்டில் இருந்து பெரியார் போய் அதில் சிறைக்குப் போனது நமக்குத் தெரியும். ஆசான் வாழ்நாள் முழுக்க உழைச்சது எதுக்கோ, அது தெருவுக்கு வந்தபோது அவர் இல்லை. பொது வழியில் எல்லாருக்கும் இடம் வேணும்னு சொன்னவர், ஒரு பொது நீர்வழியில், இடம் இல்லாத இடத்தில் ஆள் ஏற்றினதால் போய்விட்டார்.

கணக்கு என்ன சொல்லுது

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், அதனால் இதைக் கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது ரெடீமரோட அளவு இல்லை, புரியறதுக்காக ஒரு எளிய படகு. நீளம் 10 மீட்டர், அகலம் 3 மீட்டர், தட்டையான அடி. தண்ணியைத் தொடுற பரப்பு 30 சதுர மீட்டர். ஆளுக்கு 60 கிலோன்னு 20 பேர் கூடுதலா ஏறினால் 1,200 கிலோ. ஆர்க்கிமிடிஸ் கணக்குப்படி படகு எவ்வளவு இறங்கும்? வெறும் 4 சென்டிமீட்டர்.

பிரச்சினையே இந்த 4 சென்டிமீட்டர்தான். படகுக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது, ஏறுறவருக்கும் தெரியாது. பார்த்தா ஒண்ணும் ஆகலையேன்னு தோணும். இன்னும் நாலு பேர் வாங்கன்னு சொல்லத் தோணும்.

இப்போ அதே 20 பேர் ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு பக்கமா 2 மீட்டர் நகர்கிறாங்கன்னு வைங்க. படகின் மொத்த எடை 9 டன், மெட்டாசென்டர் உயரம் 1.65 மீட்டர்னு எடுத்தால், படகு சுமார் 9 டிகிரி சாயும். அந்தப் பக்கத்து விளிம்பு கிட்டத்தட்ட 24 சென்டிமீட்டர் கீழே போகும். 4 எங்கே, 24 எங்கே! இதே ஆட்கள் கீழே உட்காராமல் நின்னாலோ, மேல் தட்டில் ஏறினாலோ, ஈர்ப்பு மையம் மேலே போகும். மெட்டாசென்டர் உயரம் பாதியானால் சாய்வு சுமார் 18 டிகிரி, விளிம்பு 45 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். விளிம்பு வழியா தண்ணி உள்ளே வந்துட்டால் அப்புறம் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. உள்ளே வந்த தண்ணியும் சாய்ந்த பக்கத்துக்கே ஓடும், சாய்வை இன்னும் கூட்டும்.

இதோட ஒரு வளைவையும் சேர்த்துக்கோங்க. மெதுவா ஓடுற பெரிய படகு வேகமா திரும்பும்போது வளைவுக்கு வெளிப்பக்கமா சாயும், நம்ம பஸ் மாதிரியே. பயந்து எல்லாரும் எழுந்து ஒரு பக்கம் ஓடினால், நான் மேலே போட்ட கணக்கு சில நொடியில் நிஜமாகிவிடும்.

அதாவது படகைக் கவிழ்க்கிறது பெரும்பாலும் எடை மட்டும் இல்லை. எடை எங்கே இருக்கு, எப்படி நகருது என்பதுதான். அந்த எடை நாமதான்.

அதுக்கப்புறமும்

பல்லனையோடு இது முடிஞ்சிருந்தால் வரலாறுன்னு விட்டுடலாம். 2002 ஜூலை 27-ல் முகம்மாவில் இருந்து குமரகம் போன படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்தாங்க. நிறையப் பேர் அரசு வேலைத் தேர்வு எழுதப் போனவங்க, கிட்டத்தட்ட நம்ம வயசுதான். 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரட்டைத் தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர். 2011 கிறிஸ்துமஸ் அன்னைக்கு நம்ம பழவேற்காடு ஏரியில் 22 பேர், லைஃப் ஜாக்கெட் இல்லாமல். 2023 மே 7-ல் தானூரில், இருட்டின பிறகு, அளவுக்கு மீறி ஆள் ஏற்றின சுற்றுலாப் படகில் 22 பேர்.

இடம் வேற, வருஷம் வேற. ஆனா திருவிழா, லீவு, பரீட்சைன்னு எல்லாரும் ஒரே நேரத்தில் போகிற நாள், ஒரே படகில் இடம் கேட்கிற கூட்டம்னு பார்த்தால், நிறைய விபத்து 1924 மாதிரியேதான் இருக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் போட்ட உள்நாட்டுப் படகுச் சட்டத்துக்குப் பதிலா 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கு. பதிவு, தகுதிச் சோதனை, உயிர்காக்கும் கருவிகள்னு எல்லாம் அதில் உண்டு. ஆனா இன்னும் ஒரு ஆள்தானேன்னு நாம ஒரு கால் வைக்கிற நொடியில் பக்கத்தில் எந்த அதிகாரியும் இருக்க மாட்டார்.

தண்ணியில் நாகரிகம்

நம்ம ஊருக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. குற்றாலத்தில் சீசன் வந்து ஐந்தருவி ரோட்டில் வெண்ணமடைக்குளம் நிரம்பினால் படகு விடுவாங்க. தென்மலை அணையில் படகு இருக்கு. ஒரு காலத்தில் காரையாறு அணையில் பாணதீர்த்தத்துக்குப் படகில்தான் கூட்டிட்டுப் போவாங்க. தண்ணி நம்ம பக்கத்திலும் பெரிய ஆளைக் கொண்டுபோயிருக்கு. ஆசான் போய் ஒன்றரை வருஷத்துக்குள்ள, 1925 ஜூனில், பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து வ.வே.சு. ஐயரும் மகளோடு போய்விட்டார்.

படகில் போகும்போது தெரிஞ்சுக்க வேண்டியது ரொம்ப இல்லை:

- எத்தனை பேர்னு எழுதியிருக்கோ அத்தனை பேர்தான். நிரம்பிட்டால் அடுத்த படகு. கேங்கா வந்தோம், ஒண்ணாத்தான் போவோம்னு படகுக்காரரைக் கெஞ்சவும் கூடாது, மிரட்டவும் கூடாது. கூடுதலா ரூபாய் நீட்டுறது ரெண்டும் சேர்ந்தது.
- லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே போட்டு, பக்கிள் எல்லாத்தையும் மாட்டணும். மடியில் வச்சுக்கிட்டா அது தலையணை. போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது.
- உட்கார்ந்தா உட்கார்ந்த இடம். செல்ஃபிக்கு எல்லாரும் ஒரு பக்கம் சாயறது, நடுத்தண்ணியில் இடம் மாறுறது, மிதிபடகில் எழுந்து ஆடுறது எல்லாம் மேலே போட்ட கணக்கை நிரூபிக்கிற வேலை.
- யானை தெரிஞ்சாலும், அருவி தெரிஞ்சாலும், படகு லேசா சாய்ஞ்சாலும் எழுந்து ஓடக் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே தாழ்வா இருக்கணும்.
- கரைக்கு வந்ததும் முண்டியடிக்கக் கூடாது. ஒரே பக்கமா எல்லாரும் எழுறது அப்போதான். ஒவ்வொருத்தரா, நடுவழியா இறங்கணும்.

மத்த படகுகளோட எப்படி நடந்துக்கணும் என்பதுக்கும் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முறை இருக்கு. நம்ம ரோட்டில் இடதுபக்கம் போவோம். தண்ணியில் வலதுபக்கம். குறுகின கால்வாயில் வலதுகரையை ஒட்டிப் போகணும். எதிரும் புதிருமா ரெண்டு மோட்டார் படகு வந்தால் ரெண்டுமே வலதுபக்கம் திரும்பணும். நான் ஏன் திரும்பணும், அவன் திரும்பட்டும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. மோட்டார் படகு பாய்மரப் படகுக்கும், வலை விரிச்சு மீன் பிடிக்கிற படகுக்கும் வழி விடணும். இது தவிர, எழுதாத மரியாதை ஒண்ணும் உண்டு. சின்ன வள்ளத்தையோ, துவைக்கிறவங்க நிற்கிற படித்துறையையோ தாண்டும்போது வேகத்தைக் குறைக்கணும். நம்ம படகு கிளப்பற அலை நமக்கு ஜாலி, ஒத்தை ஆள் துடுப்பு போடுற வள்ளத்துக்கு அது ஆபத்து.

கவனிச்சால் எல்லாமே ஒரே விதி மாதிரி இருக்கு. என் இடம் இவ்வளவு, உன் இடம் அவ்வளவு, நடுவில் இருக்கிறது பொது. ஆசான் கிணற்றுக்கும் ரோட்டுக்கும் கேட்டதும் அதுதான்.

பல்லனையில் அவர் போன இடத்துக்கு இப்போ குமாரகோடின்னு பேர், அங்கே நினைவிடம் இருக்கு. தோன்னக்கல் வீடும் நினைவில்லமா இருக்கு. கொல்லத்தில் இருந்து ஆலப்புழைக்குத் தண்ணி வழியா போனால் அந்த இடத்தைக் கடந்துதான் போகணும். ஃபைனல் இயர் டூர் பிளான் போடுறவங்க இதைச் சேர்த்துக்கலாம். போறப்போ படகில் எத்தனை பேருக்கு அனுமதின்னு ஒரு தடவை படிச்சுட்டு, நம்ம கேங்கில் எத்தனை பேர்னு எண்ணிட்டு ஏறுங்க. ஒண்ணு ரெண்டு பேர் கூடினால், அடுத்த படகு வர்ற வரைக்கும் துறையில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம்.